ஸ்தபதி என்பது யார் வீட்டுப் பெயர்?

தைப்பூசத்தன்று புந்தோங் சுங்கை பாரி சாலை ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தை நோக்கிக் காவடிகள் நடக்கின்றன. கோபுரத்தைக் கண்டதும் கை தானாகக் குவிகிறது. அந்தக் கோபுரத்தில் நிற்கும் சுதைச் சிற்பங்களைச் செய்தவர் யார் என்று கூட்டத்தில் ஒருவரை நிறுத்திக் கேட்டால் என்ன பதில் வரும்? "தமிழ்நாட்டிலிருந்து வந்த ஸ்தபதி" என்பார்கள். அவர் பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

ஆலயங்களின் சுவரில் கல்வெட்டு இல்லாமல் இல்லை. நன்கொடை தந்தவர்களின் பெயர் இருக்கும். திறந்து வைத்த பிரமுகரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். உளி பிடித்தவரின் பெயர் மட்டும் கும்பாபிஷேக அழைப்பிதழின் கடைசி வரியோடு முடிந்து போவது வழக்கம். அழைப்பிதழை அடுத்த மாதம் யார் வைத்திருக்கப் போகிறார்கள்?

பத்துமலையை எடுத்துக்கொள்வோம். 140 அடி உயரத்தில், ஏறக்குறைய 42.7 மீட்டர், பொன்னிறமாக நிற்கும் முருகன் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. உலகம் முழுவதும் இருந்து வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துச் செல்கிறார்கள். அதை உருவாக்கியவர் திருவாரூரைச் சேர்ந்த ஸ்தபதி தியாகராஜன். சேலம் மாவட்டத்தில் 2022 ஏப்ரலில் குடமுழுக்குக் கண்ட 146 அடி முத்துமலை முருகனும் அவர் கைவண்ணமே. மலேசியத் தமிழர்களில் பத்துமலைக்குப் போகாதவர் குறைவு. தியாகராஜன் என்ற பெயரை அறிந்தவர் அதைவிடக் குறைவு.

ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. ஒரு கலைஞனின் பெயர் எதனால் நிற்கிறது? குடும்பப் பெயரால் நிற்கிறதா, பிள்ளை குட்டிகளால் நிற்கிறதா, வேறெதனாலும் நிற்கிறதா?

பெயரா, பட்டமா?

"ஸ்தபதி" என்பதைப் பலர் குடும்பப் பெயர் என்றே நினைக்கிறார்கள். சிலர் சாதிப் பெயர் என்கிறார்கள். இரண்டும் சரியல்ல. நிறுவுகிறவன், நிலைபெறச் செய்கிறவன் என்ற பொருளில் வரும் சொல் அது. கோயிலுக்கு அளவு போட்டு, கல் தேர்ந்து, வேலையாட்களை நடத்தி, கடைசியில் சிலைக்குக் கண் திறக்கும் வரை பொறுப்பேற்கிற தலைமைக் கலைஞனுக்குரிய பதவிப் பெயர். விசுவகர்ம சமூகத்தில் இரும்பு, மரம், செம்பு, கல், பொன் என ஐந்து தொழில்கள் உண்டு. அந்தச் சமூகத்தில் பிறந்த எல்லோரும் ஸ்தபதி ஆகிவிடுவதில்லை.

மயமதம் என்ற பழைய சிற்ப நூல் கட்டடக் கலைஞர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதலில் ஸ்தபதி. அடுத்து நூல் பிடித்து அளவு போடும் சூத்திரகிராகி. அதற்குப் பின் கல்லையும் மரத்தையும் செதுக்குகிற தட்சகன், அவற்றைப் பொருத்திக் கட்டுகிற வர்த்தகி. இதில் கவனிக்க வேண்டியது இரண்டாமவரைப் பற்றிய விளக்கம். சூத்திரகிராகி என்பவர் ஸ்தபதியின் மகனாகவோ மாணவனாகவோ இருப்பார் என்கிறது அந்நூல். பெற்ற பிள்ளைக்கும் கற்ற பிள்ளைக்கும் ஒரே இடம். தொழிலை அடுத்த கைக்குக் கொடுக்கும் வாசல் ஆரம்பத்திலேயே இரண்டாகத் திறந்திருக்கிறது.

ஓர் எழுத்தும் ஒரு சொல்லும்

இதை விளங்கிக்கொள்ள நல்ல எடுத்துக்காட்டு வை. கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியில் கடல் நடுவே நிற்கும் வள்ளுவர் சிலையைப் படைத்தவர்.

1927ல் காரைக்குடிக்கு அருகே பிள்ளையார்பட்டியில் சிற்பக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வைத்தியநாத ஸ்தபதி. மகனோ காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தார். பட்டம் வாங்கியவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். அவர் கற்ற கணக்கையும் தந்தையின் உளியையும் ஒன்றாக்கினார்.

அவர் பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு செய்தி கிடைக்கும். முன்னால் இருக்கும் "வை" தந்தையைச் சொல்கிறது. பின்னால் இருக்கும் "ஸ்தபதி" தொழிலைச் சொல்கிறது. முதலெழுத்து பிறப்பால் வந்தது. பின்சொல்லை உழைத்துத்தான் பெற வேண்டும். தமிழ் வழக்கப்படி முதலெழுத்து அடுத்த தலைமுறையில் மாறிவிடும். மாறாமல் தொடரக்கூடியது தொழிற்பெயர் மட்டுமே, அதுவும் தொழில் தொடர்ந்தால்.

1976ல் சென்னையில் எழுந்த வள்ளுவர் கோட்டத்தின் கல் தேர் அவர் வடிவமைத்தது. திருவாரூர் ஆழித்தேரை மாதிரியாகக் கொண்டது அது. கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. மொத்த உயரம் 133 அடி, குறளின் 133 அதிகாரங்களைக் குறிப்பது. அடிப்பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். மேலே சிலை 95 அடி, பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தக் கடற்கரையைத் தாக்கியபோதும் சிலை அசையாமல் நின்றது. 2009ல் கணபதி ஸ்தபதிக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2011 செப்டம்பரில் காலமானார்.

அவர் கண்ணை மூடியபோது முடியாமல் நின்ற வேலை ஒன்று உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் எழுந்த இறைவன் ஆலயம். வெண்கருங்கல்லை பெங்களூரு அருகே கையால் செதுக்கி, கப்பலில் ஏற்றி, பசிபிக் கடலின் நடுவே அடுக்கிய கோயில். கல் வேலை தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2023 மார்ச்சில்தான் குடமுழுக்கு நடந்தது. வரைபடம் போட்டவர் மறைந்து 11 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் வேலை நிற்கவில்லை. அவரிடம் கற்ற கைகள் அதை முடித்தன.

கல்லில் எழுதிய சோழன்

கலைஞனின் பெயரைப் பதிவு செய்யும் பழக்கம் தமிழருக்குப் புதிதல்ல. 1010ல் நிறைவடைந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் அதைக் கட்டிய தலைமைக் கலைஞனின் பெயர் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். குஞ்சரமல்லன் என்பது அவன் பெயர். இராஜராஜன் என்பது அரசன் தன் பெயரையே கொடுத்துச் செய்த சிறப்பு. பெருந்தச்சன் என்பது தொழில்.

கோயிலில் ஆடிய 400 பெண்களின் பெயரையும், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதையும், தஞ்சையில் எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு கொடுக்கப்பட்டது என்பதையும் அதே கோயிலில் கல்லில் வெட்டி வைத்தான் இராஜராஜன். ஆயிரம் ஆண்டுகள் கழிந்தன. குஞ்சரமல்லனின் வாரிசு இன்னார் என்று கை நீட்டிக் காட்ட முடியுமா? முடியாது. ஆனால் அவன் பெயர் இருக்கிறது. காரணம், ஒருவர் அதை எழுதி வைத்தார்.

குடும்பப் பெயருக்காகத் தவித்த சிற்பி

"நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால்தான் பாரம்பரியம் தொலைகிறது, வெள்ளைக்காரனைப் பாருங்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய கதை மைக்கலாஞ்சலோவுடையது. 1475ல் இத்தாலியில் பிறந்து 1564ல் ரோமில் மறைந்தவர். ஒரே சலவைக்கல்லில் தாவீது சிலையைச் செதுக்கியவர். சிஸ்டைன் தேவாலயத்தின் கூரை முழுவதும் ஓவியம் தீட்டியவர்.

அவருடைய முழுப்பெயர் மைக்கலாஞ்சலோ டி லொடோவிகோ புவோனரோட்டி சிமோனி. நடுவில் வரும் "டி லொடோவிகோ" என்றால் லொடோவிகோவின் மகன். நம் அடையாளக் கார்டில் இருக்கும் "அனாக் லெலாக்கி" போன்றதுதான். கடைசியில் இருப்பது குடும்பப் பெயர்.

அந்தக் குடும்பத்துக்குச் செல்வம் குறைந்திருந்தது, கௌரவம் குறையவில்லை. பையன் படம் வரையப் போகிறேன் என்றதும் தந்தையும் சிற்றப்பன்மார்களும் அடித்தார்கள் என்று அவர் காலத்திலேயே வெளிவந்த வாழ்க்கை வரலாறு கூறுகிறது. கையால் செய்யும் வேலை குடும்பப் பெயருக்கு இழுக்கு என்பது அவர்கள் எண்ணம். குழந்தைப் பருவத்தில் அவரைப் பாலூட்டி வளர்த்தவர் ஒரு கல்தச்சரின் மனைவி. உளியையும் சுத்தியலையும் அந்தப் பாலோடு குடித்தேன் என்று பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டாம்.

வியப்பு என்னவென்றால், உலகப் புகழ் பெற்ற பிறகும் குடும்பப் பெயர் பற்றிய கவலை அவரை விடவில்லை. ஊரிலிருந்து வரும் கடிதங்களில் "சிற்பி மைக்கலாஞ்சலோ" என்று முகவரி எழுத வேண்டாம், புவோனரோட்டி என்ற பெயரால்தான் தன்னை இங்கே அறிவார்கள் என்று 1548ல் தம்பி மகனுக்கு எழுதினார். தமக்கு மணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆகவே தம்பி மகன் திருமணம் செய்துகொள்ள வேண்டும், வம்சம் அற்றுப் போகக்கூடாது என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார்.

தம்பி மகன் 1553ல் திருமணம் செய்தார். அவருக்குப் பிறந்த மகனுக்கு மைக்கலாஞ்சலோ என்றே பெயர் வைத்தார்கள். பாட்டன் பெயரைச் சுமப்பவன் என்பதால்தானே தமிழில் "பெயரன்" என்றும் "பேரன்" என்றும் சொல்கிறோம்? அந்தப் பெயரன் பெயரோடு நிற்கவில்லை. பெரிய தாத்தாவின் கவிதைகளைத் தொகுத்து 1623ல் அச்சிட்டார். புளோரன்சிலுள்ள குடும்ப வீட்டை அவர் நினைவுக்கூடமாக அலங்கரித்தார். கடிதங்களும் வரைபடங்களும் அந்த வீட்டில் காக்கப்பட்டன.

வம்சம் என்ன ஆயிற்று? குடும்பத்தின் கடைசி வாரிசான கோசிமோ 1858ல் மறைந்தார். அவரோடு அந்தக் கிளையில் புவோனரோட்டி என்ற பெயர் முடிந்தது. போவதற்கு முன் வீட்டையும் அதிலிருந்த எல்லாவற்றையும் பொதுமக்களுக்கு எழுதி வைத்தார். இன்று அது "காசா புவோனரோட்டி" என்ற அருங்காட்சியகம். மைக்கலாஞ்சலோ பெரிதாக நம்பியிருந்த வம்சம் நின்றுவிட்டது. இழுக்கு என்று கருதப்பட்ட கைவேலையும், ஒரு பெயரன் பத்திரப்படுத்திய தாள்களும்தான் இன்று அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

லியனார்டோ டா வின்சியின் நிலை வேறு. "டா வின்சி" என்பதை உலகம் குடும்பப் பெயர் போல வழங்குகிறது. அதன் பொருள் "வின்சி ஊரைச் சேர்ந்தவர்", அவ்வளவுதான். திருவாரூர் தியாகராஜன் என்று சொல்வது போல. அவருக்குப் பிள்ளைகள் இருந்ததாகத் தெரியவில்லை. 2021ல் இத்தாலிய ஆய்வாளர்கள் இருவர் அவருடைய தந்தை வழியில் வந்த 14 ஆண்கள் உயிரோடு இருப்பதைப் பழைய பதிவேடுகளைக் கொண்டு காட்டினார்கள். 1331 தொடங்கி 21 தலைமுறை. இதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம் குடும்பப் பெயர் மட்டுமல்ல. ஊர்ப் பதிவேடுகளை ஒருவரும் குப்பையில் போடவில்லை.

மூன்று தலைமுறையில் மறையும் பெயர்

இனி புந்தோங்கிற்கு வருவோம். முனியாண்டி என்று ஒருவர் தோட்டத்தில் பால்மரம் சீவினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மகன் பெருமாள், அனாக் லெலாக்கி முனியாண்டி. பேரன் சேகர், அனாக் லெலாக்கி பெருமாள். கொள்ளுப்பேரன் கவின், அனாக் லெலாக்கி சேகர். கவினின் அடையாளக் கார்டிலும் பிறப்புப் பத்திரத்திலும் முனியாண்டி இல்லை. அவர் எந்தத் தோட்டத்தில் இருந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதும் இல்லை. பெண் வழி என்றால் இன்னும் விரைவு. மகளின் பிள்ளைக்குத் தாத்தாவின் பெயர் அப்போதே போய்விடுகிறது.

பக்கத்து வீட்டுச் சீனர் குடும்பத்தில் கொள்ளுத்தாத்தாவின் குடும்பப் பெயர் பேரப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கிறது. அவர்களுக்கு ஈப்போவில் குலச் சங்கங்களும் இருக்கின்றன. தமிழரிடம் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. பெயர் எண் கணிதப்படி நவீனமாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் அதுவும் அருகி வருகிறது.

முன்பு இந்தக் குறையைத் தோட்டம் நிறைத்தது. லயத்தில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கும், அதைச் சொன்னால் நான்கு தலைமுறைக் கதையும் வெளிவரும். 1950, 60களில் தோட்டத் துண்டாடல் வந்தது. பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான்கள் வந்தன. லயம் கலைந்தபோது அதன் வாய்மொழிப் பதிவேடும் கலைந்தது. பட்டணத்துக்கு வந்தவர்கள் பெட்டியையும் சாமி படத்தையும் கொண்டு வந்தார்கள். கதையைக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் தொழிலின் பெயர் நிலைத்த இடமும் புந்தோங்கிலேயே இருக்கிறது. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் கடலையும் முறுக்கும் பக்கோடாவும் செய்து, தலையில் தட்டோடும் பிறகு சைக்கிளிலும் விற்றன. இன்று அந்தப் பகுதிக்கே கம்போங் கச்சாங் பூத்தே என்று பெயர். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அங்கு தேடி வந்து வாங்கிச் செல்கிறார்கள். தனி ஒருவரின் குடும்பப் பெயர் அங்கே ஊர்ப்பெயர் ஆகவில்லை. செய்த தொழில் ஊர்ப்பெயர் ஆனது. ஸ்தபதி என்ற சொல் நின்ற அதே வழி இது. செய்முறை கை மாறிக்கொண்டே இருக்கும்வரை பெயரும் இருக்கும்.

கற்றவனும் வாரிசே

அப்படியானால் வாரிசு இல்லாத தொழில் என்ன ஆகும் என்ற கேள்வி எழலாம். அதற்கும் கணபதி ஸ்தபதியின் குடும்பமே பதில் தருகிறது. 1957ல் மாமல்லபுரத்தில் அரசு ஒரு சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. அதற்குத் தலைமை ஏற்றவர் தந்தை வைத்தியநாத ஸ்தபதி. 1961 முதல் 1988 வரை 27 ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவர் மகன் கணபதி ஸ்தபதி. வீட்டுத் திண்ணையில் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு மட்டும் சென்ற கணக்கு, வகுப்பறைக்கு வந்தது. பாடத்திட்டம் வந்தது. பட்டம் வந்தது. குடும்பச் சொத்தைப் பிறருக்குக் கொடுத்ததால் அந்தக் குடும்பத்தின் பெயர் குறைந்ததா? அங்கே பயின்றவர்கள் உலகின் பல நாடுகளில் கோயில் எழுப்பியபோது அது பெருகியதே உண்மை.

இங்கே பெற்றோர் சற்று யோசிக்க வேண்டும். பிள்ளை பள்ளி நோட்டில் சாமி படம் வரைகிறான், களிமண்ணில் பொம்மை செய்கிறாள் என்றால் பல வீடுகளில் என்ன நடக்கிறது? "இது சோறு போடுமா?" என்ற கேள்வி வருகிறது. லொடோவிகோ 500 ஆண்டுகளுக்கு முன் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய அதுதான். பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிக் கேட்பதில் குற்றமில்லை. கேட்டதோடு நிறுத்தாமல், அந்தக் கைத்திறனைக் கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்றும் விசாரித்துப் பார்க்கலாம். கோயில் வேலைக்கு ஸ்தபதிகள் வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்களே, அந்தச் சாரத்தின் அடியில் நம் பிள்ளைகளை ஒரு விடுமுறை முழுவதும் உட்கார வைக்க எத்தனை ஆலயங்கள் முயன்றிருக்கின்றன?

ஒரு வரி போதும்

குடும்பப் பெயர் இல்லாதது தமிழருக்குக் குறையல்ல. எழுதி வைக்காததுதான் குறை. இதைச் சரி செய்யப் பெரிய செலவு தேவையில்லை.

ஆலய நிர்வாகங்கள் அடுத்த கும்பாபிஷேகத்தின்போது நன்கொடையாளர் கல்வெட்டின் கீழே ஒரு வரி சேர்க்கலாம். ஸ்தபதியின் பெயர், தந்தை பெயர், ஊர், உடன் வேலை செய்தவர்கள், ஆண்டு. கும்பாபிஷேகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஒருமுறை விட்டால் வேலை செய்தவர்களின் தொடர்பும் விட்டுப்போகும். பழைய அழைப்பிதழ்கள் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் இப்போதே கேட்டு வாங்கி வைக்கலாம்.

குடும்பங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். பாட்டன் பெயர், அவர் தகப்பனார் பெயர், பாட்டியின் பெயர், வந்த ஊர், இருந்த தோட்டம், தெரிந்த தொழில். பழைய சிவப்பு அடையாளக் கார்டு, கப்பல் பயணச் சீட்டு, தோட்டச் சம்பளப் புத்தகம் இருந்தால் அவற்றையும் அதே உறையில் போடலாம். இந்த வாரம் வீட்டிலிருக்கும் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் பாதிப் பக்கம் நிறைந்துவிடும். அவர் போன பிறகு கேட்க யாரிடம் போவது?

குஞ்சரமல்லனை நாம் அறிந்தது அவன் வாரிசுகளால் அல்ல, ஒரு வரியால். அந்த ஒரு வரிக்கான இடம் நம் ஆலயச் சுவர்களில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.